வார்டு மெம்பருக்கு நிற்கிறேன், வாசலில் போய் என்ன பேசுவது?

வெண்ணாற்றங்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். தஞ்சாவூர் மாவட்டத்தில் வெண்ணாற்றை ஒட்டிய சின்ன ஊராட்சி எங்களுடையது. 2019 டிசம்பரில் ஓட்டுப் போட்டு அனுப்பியவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அதன்பின் தனி அலுவலர் நிர்வாகம். தெருவிளக்கு எரியவில்லை என்றால்கூட யாரிடம் போய்ச் சொல்வது என்று தெரியாமல் நிற்கிறோம். அடுத்த தேர்தலை எப்போது அறிவித்தாலும் எங்கள் வார்டில் உறுப்பினர் பதவிக்கு நிற்பது என்று முடிவு செய்திருக்கிறேன். வீட்டிலும் சம்மதம் வாங்கியாகிவிட்டது.

வார்டில் 386 ஓட்டு, 104 வீடு. நடுத்தெரு, பிள்ளையார் கோயில் தெரு, வாய்க்கால் கரை, கிழக்கே காலனி. போன தேர்தலில் வார்டு உறுப்பினருக்கு டெபாசிட் 200 ரூபாய், செலவு வரம்பு 9,000 ரூபாய்தான். அதனால் பணத்தை நினைத்துப் பயமில்லை. பயமெல்லாம் வாசலை நினைத்துத்தான்.

ஒன்பது வருடமாக மகளிர் குழு ஊக்குநராக இருக்கிறேன். தவணை கேட்டு ஏறி இறங்காத வீடு கிடையாது. ஆனால் ‘எனக்கு ஓட்டுப் போடுங்க’ என்று கேட்க வாய் வரமாட்டேன் என்கிறது. போன வாரம் சின்னம்மா வீட்டு வாசலில் நின்று ஒருமுறை பேசிப் பார்த்தேன். கையெடுத்துக் கும்பிட்டேன். சின்னம்மா கதவைப் பிடித்தபடி நின்று, ‘இப்ப நான் என்ன பண்ணணும்? காபி போடவா, குறையைச் சொல்லவா?’ என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அந்தக் கேள்வியோடுதான் இங்கே வந்திருக்கிறேன்.

எத்தனை பேரோடு போவது, எந்த நேரத்தில் போவது, வீட்டுக்காரர் மட்டும் பேசி அம்மா உள்ளேயே நின்றுவிடும் வீட்டில் என்ன செய்வது, ‘எவ்வளவு தருவே’ என்று கேட்டால் என்ன சொல்வது? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பூத்_ஏஜெண்ட் எழுதியது:

தங்கச்சி, முதலில் வாழ்த்து. 25 வருடமாக ஒரு கட்சிக்குப் பாக முகவராக உட்கார்ந்தவன் என்பதால் தெரிந்ததைச் சொல்கிறேன்.

வாசலுக்குப் போவதற்கு முன்னால் பட்டியலைக் கையில் வாங்குங்கள். உள்ளாட்சிக்கான வாக்காளர் பட்டியல் சட்டமன்றப் பட்டியலிலிருந்து வார்டு வார்டாகப் பிரித்துப் போடுவது. பிரிக்கும்போது ஒரே வீட்டில் அப்பா ஒரு வார்டிலும் மகன் இன்னொரு வார்டிலும் போய்விடுவது உண்டு. ஒன்றிய அலுவலகத்தில் கேட்டு வாங்கி, வரிசை எண்படி இருப்பதை வீடுவாரியாகத் திருப்பி எழுதுங்கள். செத்தவர், கட்டிக்கொடுத்துப் போன பெண், திருப்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போனவர் என்று குறித்துக்கொண்டே வந்தால், உங்கள் 386-இல் உண்மையில் ஊரில் இருப்பது முந்நூறுக்குக் கொஞ்சம் மேலேதான் இருக்கும். வெளியூரில் இருப்பவரை ஓட்டுப் போட வரவழைப்பது தனி வேலை. அதற்கு அவருடைய அம்மாவிடம்தான் பேச வேண்டும்.

அப்புறம் நாங்கள் பெயருக்கு நேரே குறி போடுவோம். நம்ம ஓட்டு ஒரு டிக், எதிர் ஓட்டு ஒரு கோடு, மதில் மேல் இருப்பது ஒரு வட்டம். முதல் சுற்று முடிந்ததும் வட்டம் போட்ட வீடுகளுக்கு மட்டும் இரண்டாம் சுற்று.

மறைக்காமல் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நாம் பத்து நாள் நடந்ததைக் கடைசி இரண்டு ராத்திரியில் பணம் மாற்றிவிடும். 2009 திருமங்கலம் இடைத்தேர்தலைப் பற்றி நாடே பேசியது. 2016-இல் பணப்பட்டுவாடாவால் அரவக்குறிச்சி, தஞ்சாவூர் தொகுதிகளில் தேர்தலை நிறுத்தினார்கள். 2017 ஏப்ரலில் ஆர்.கே. நகர், 2019-இல் வேலூர். உங்கள் தஞ்சாவூரும் அந்த வரிசையில் இருக்கிறது. ஊராட்சி வார்டில் அவ்வளவு ஓடாது என்றாலும் ஓடாமல் இருக்காது. இதைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள்.

ஏணிப்படி எழுதியது:

நான் 2019-இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு ஊராட்சி வார்டில் நின்று 6 ஓட்டில் தோற்றவன். என் தவறுகளைச் சொன்னால் உங்களுக்கு உதவும்.

முதல் தவறு, கூட்டம். சொந்தக்காரர், பங்காளி, மைத்துனன் என்று பதினைந்து பேரோடு கிளம்பினேன். ஒரு வாசலில் பதினைந்து பேர் நின்றால் அந்த வீட்டுக்காரர் என்ன பேச முடியும்? சிரித்துத் தலையாட்டி அனுப்பிவிடுவார். அவர் மனதில் இருந்த குறை மனதிலேயே நின்றுவிடும். எங்கள் தெருவில் ஒரு அக்கா தேர்தல் முடிந்து ஒரு மாதம் கழித்துச் சொன்னார்: ‘தம்பி, உன்கூட வந்தவங்கள்ல ஒருத்தரோட எங்களுக்கு வரப்புத் தகராறு. அவரை வாசல்ல பார்த்ததும் எங்க வீட்டு நாலு ஓட்டும் போச்சு.’ அந்த நாலு ஓட்டும் என் பக்கம் வந்திருந்தால் இன்று நான் வேறு மாதிரி எழுதிக்கொண்டிருப்பேன்.

அதனால் இரண்டு பேர் போதும். நீங்களும், அந்தத் தெருக்காரர் ஒருவரும். தெரு மாறும்போது அந்த ஆளும் மாற வேண்டும்.

நேரம் பற்றிக் கேட்டீர்கள். நடவு, அறுப்புக் காலத்தில் காலையில் போவது வீண். நூறு நாள் வேலை நடக்கும் வாரத்தில் பகலில் வீட்டில் ஆள் இருக்காது. சாயங்காலம் ஐந்தரையிலிருந்து ஏழு, ஏழேகால் வரை நல்ல நேரம். அடுப்பில் சோறு கொதிக்கும்போது நின்று பேசாதீர்கள். துக்க வீடு என்றால் காரியம் முடியும்வரை ஓட்டுப் பேச்சே வேண்டாம், போய் உட்கார்ந்துவிட்டு மட்டும் வாருங்கள்.

அடுத்ததை யாரும் சொல்லித்தர மாட்டார்கள். ஊரக உள்ளாட்சியில் மெஷின் கிடையாது, சீட்டுதான். ஒரு ஆளுக்கு நாலு சீட்டு. ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியக் கவுன்சிலருக்குப் பச்சை, மாவட்டக் கவுன்சிலருக்கு மஞ்சள், நமக்கு வெள்ளை. சில சாவடிகளில் வார்டு உறுப்பினருக்கு நீலமும் உண்டு. சட்டமன்றத்துக்கும் பாராளுமன்றத்துக்கும் பட்டனை அழுத்திப் பழகியவர்கள் நாலு சீட்டையும் ரப்பர் முத்திரையையும் கையில் வாங்கியதும் திகைத்துப் போகிறார்கள். எங்கள் வார்டில் 14 ஓட்டு செல்லாதது. இரண்டு சின்னத்துக்கு நடுக்கோட்டில் குத்தியது, ஒரே சீட்டில் இரண்டு இடத்தில் குத்தியது, குத்தாமலே மடித்துப் போட்டது. எண்ணும் மேசையில் நின்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அதில் நாலைந்து சீட்டில் முத்திரையின் பாதி என் சின்னத்தின் மேல் இருந்தது.

எனவே இரண்டாம் சுற்றில் அதே நிறத்தில் வெற்றுத்தாள் வெட்டி எடுத்துப் போங்கள். வயதானவர் கையில் கொடுத்து, சின்னத்தின் மேலேயே எப்படிக் குத்துவது, எப்படி மடிப்பது என்று செய்து காட்டச் சொல்லுங்கள். உங்களுக்குப் போடாவிட்டாலும் அந்த ஓட்டு செல்லும் ஓட்டாக இருக்கட்டும்.

கீழத்தெரு எழுதியது:

அக்கா, நீங்கள் எழுதியதில் ‘கிழக்கே காலனி’ என்று ஒரு வார்த்தை இருக்கிறது. நான் அப்படி ஒரு காலனியில் பிறந்து வளர்ந்தவன், உங்கள் பக்கத்து மாவட்டம். அதனால் கேட்கிறேன்: காலனிக்குள் வீடு வீடாக வருவீர்களா?

எனக்கு ஓட்டு வந்து மூன்று தேர்தல் ஆகிவிட்டது. எல்லாக் கட்சிக்காரரும் எங்கள் பக்கம் வந்திருக்கிறார்கள். எப்படி வருவார்கள் தெரியுமா? தெருமுனையில் வேப்பமரத்தடியில் வண்டி நிற்கும். யாராவது ஒரு பையன் ஓடிவந்து ‘எல்லாரும் வாங்க, ஓட்டுக் கேக்க வந்திருக்காங்க’ என்று கூப்பிடுவான். நாங்கள் போய் நிற்போம். அவர்கள் மொத்தமாகக் கும்பிட்டுவிட்டுப் போய்விடுவார்கள். அதே ஆட்கள் ஊர்த்தெருவில் ஒவ்வொரு திண்ணையிலும் உட்கார்ந்து மோர் குடித்துவிட்டு வந்திருப்பார்கள். எங்கள் வாசல் வரைக்கும் அவர்களுக்குக் கால் வராது.

ஒரே ஒருமுறை ஒருவர் உள்ளே வந்தார். எங்கள் பாட்டி சொம்பில் தண்ணீர் கொடுத்தார். வாங்கிக் கையில் வைத்துக்கொண்டே பேசினார், பேசி முடித்ததும் குடிக்காமல் திண்ணையில் வைத்துவிட்டு எழுந்தார். பாட்டி ஒன்றும் சொல்லவில்லை. அந்தத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றினார். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது.

தலித்துகளுக்கான தனித்தொகுதி என்று அறிவித்த மதுரை மாவட்டத்துப் பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் 1996-இலிருந்து 2006 வரை தலைவர் தேர்தலையே நடக்கவிடவில்லை. இன்று நாங்கள் ஓட்டுப் போடுவதை யாரும் தடுப்பதில்லை. வாசலுக்கு வருவதுதான் இன்னும் பாக்கி.

வெண்ணாற்றங்கரை எழுதியது:

தம்பி, வருவேன். வந்து உட்காருவேன், தண்ணீரும் குடிப்பேன். நான் ‘கிழக்கே காலனி’ என்று கடைசியில் எழுதியதுகூடப் பழக்கதோஷம்தான் என்று நீங்கள் எழுதிய பிறகுதான் உறைத்தது. முதல் நாளே அங்கிருந்து தொடங்குகிறேன்.

பூத் ஏஜெண்ட் ஐயா, பட்டியலுக்கு நாளைக்கே ஒன்றிய அலுவலகம் போகிறேன். ஏணிப்படி அண்ணே, நாலு நிறத்தில் சீட்டு வெட்டி வைத்துவிடுகிறேன்.

கணக்கெடுப்பு எழுதியது:

நான் ஓட்டுக் கேட்டுப் போனவள் இல்லை, கருத்துக் கேட்டுப் போனவள். இரண்டு தேர்தலில் ஒரு ஆய்வு நிறுவனத்துக்காகக் கேள்வித்தாளோடு வீடு வீடாக அலைந்திருக்கிறேன். வாசலில் நின்று எப்படிக் கேட்பது என்பதில் எங்களுக்குக் கொடுத்த பயிற்சி உங்களுக்கும் பயன்படும் என்று நினைக்கிறேன்.

எங்களுக்கு இருந்த கண்டிப்பான விதி, பட்டியலில் எந்தப் பெயர் விழுந்ததோ அவரைத்தான் பார்க்க வேண்டும். வீட்டில் இல்லை என்றால் திரும்பப் போக வேண்டும், பக்கத்து வீட்டுக்காரரைப் பிடித்து எழுதக் கூடாது. ஏனென்றால் சுலபமாகக் கிடைப்பவர் எப்போதும் ஒரே மாதிரி ஆள்: டீக்கடையில் இருப்பவர், திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர். அவர் சொல்வது ஊர்க் கருத்து ஆகிவிடாது. வயலுக்குப் போன பெண்ணும் கம்பெனி பஸ் ஏறிய பையனும் நம் கண்ணிலேயே படமாட்டார்கள்.

பெண்களைப் பற்றிக் கேட்டீர்கள். ‘அவரைக் கேளுங்க’ என்று உள்ளே போகும் அம்மாவை வாசலில் நிறுத்திப் பேச வைக்க முடியாது. அவர் வேலை செய்யும் இடத்துக்கு நாம் போய்விட வேண்டும். கொல்லையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த ஒரு அம்மா பக்கத்தில் குந்தி உட்கார்ந்தேன். நாற்பது நிமிடம் பேசினார். முன்வாசலில் அவர் கணவர் ‘எங்க வீட்டுல எல்லாரும் ஒரே முடிவுதான்’ என்று ஐந்து நிமிடத்தில் முடித்திருந்தார். அந்த அம்மா முடிவு வேறு.

எந்தச் சின்னம் என்று வாய்விட்டு யாரும் சொல்லமாட்டார்கள், சொல்லவும் வைக்கக் கூடாது. லோக்நீதி மாதிரியான ஆய்வு அமைப்புகள் நடத்தும் தேர்தல் ஆய்வுகளில் மாதிரி வாக்குச்சீட்டு ஒன்றைக் கையில் கொடுத்து, அவரே குறித்து மடித்து ஒரு பெட்டியில் போடச் சொல்வார்கள். எதிரில் நிற்கும் எனக்கே அவர் எதைக் குறித்தார் என்று அங்கே தெரியாது. அந்த மறைவு இருந்தால்தான் மனதில் உள்ளது வரும். நீங்களும் ‘யாருக்குப் போடுவீங்க’ என்று கேட்காதீர்கள். ‘போன வருஷம் இந்தத் தெருவுல உங்களுக்கு ரொம்பக் கஷ்டமா இருந்தது எது?’ என்று கேளுங்கள். ‘ரோடு வேணுமா, தண்ணி வேணுமா’ என்று நீங்களே எடுத்துக்கொடுத்தால் அந்த இரண்டில் ஒன்றைத்தான் சொல்வார்கள். வாயை மூடிக்கொண்டு கொஞ்சம் காத்திருந்தால் மூன்றாவது ஒன்று வரும்.

ஒரு எச்சரிக்கை. சர்வே என்ற பெயரில் கட்சிகள் படிவம் கொடுத்து, ‘ஜெயித்தால் உங்களுக்கு இந்த உதவி வரும், பெயரைப் பதிந்துகொள்ளுங்கள்’ என்று செய்வதை 2024 மே மாதம் தேர்தல் ஆணையமே கண்டித்து, அதை லஞ்சமாகக் கருத வேண்டியிருக்கும் என்று சொன்னது. ஆதார் எண், வங்கிக் கணக்கு, ஓடிபி எதையும் யாரிடமும் கேட்காதீர்கள். உங்கள் நோட்டில் குறை இருக்கட்டும், அது போதும்.

யோகோஹாமா_வாசி எழுதியது:

ஜப்பானில் பதினொரு வருடமாக வேலை பார்க்கிறேன். இங்கே வீடு வீடாகப் போய் ஓட்டுக் கேட்பதே சட்டப்படி குற்றம். 1925-இல் 25 வயது நிறைந்த ஆண்கள் எல்லோருக்கும் ஓட்டுரிமை கொடுத்த அதே நேரத்தில் இந்தத் தடையும் வந்தது. நூறு வருடம் ஆகியும் நீக்கவில்லை, உச்ச நீதிமன்றமும் செல்லும் என்று சொல்லிவிட்டது. தடைக்குச் சொல்லும் காரணம் பூத் ஏஜெண்ட் ஐயா சொன்னதுதான்: கதவுக்குப் பின்னால் போனால் பணம் கைமாறும்.

விளைவு என்ன என்றால் வேட்பாளர்கள் வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு, வேனில் ஒலிபெருக்கி கட்டி, தங்கள் பெயரையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு தெருத்தெருவாகப் போகிறார்கள். ரயில் நிலைய வாசலில் நின்று கும்பிடுகிறார்கள். என் பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் ‘உங்களுக்கு என்ன குறை’ என்று கேட்க எந்த வேட்பாளருக்கும் வழியில்லை. நம் ஊரில் அந்த உரிமை இருக்கிறது. அதைப் பணம் கொடுக்கும் வழியாக மட்டும் சிலர் பயன்படுத்துவதைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

நூலகத்திண்ணை எழுதியது:

வாசலுக்குப் போவதால் உண்மையிலேயே பலன் உண்டா என்று சோதித்துப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். 1998-இல் அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரத்தில் ஆலன் கெர்பர், டொனால்ட் கிரீன் என்ற இரண்டு பேராசிரியர்கள் சுமார் 30,000 வாக்காளர்களைச் சீட்டுக் குலுக்கிப் போட்டது போலப் பிரித்தார்கள். சிலருக்குக் கடிதம், சிலருக்கு டெலிபோன், சிலருக்கு நேரில் ஆள். கட்சிப் பேச்சு எதுவும் கிடையாது, ‘ஓட்டுப் போட வாருங்கள்’ என்பது மட்டும். நேரில் பார்த்துப் பேசியவர்களிடையே ஓட்டுப் போட்டவர் விகிதம் 8, 9 புள்ளி ஏறியது. கடிதத்தால் ஏறியது அரைப் புள்ளி அளவுதான். டெலிபோனால் ஒன்றுமே இல்லை.

ஆனால் ஓட்டுப் போட வரவைப்பது வேறு, மனதை மாற்றுவது வேறு. அதே நாட்டில் ஜோஷுவா கல்லா, டேவிட் புரூக்மன் இருவரும் 49 கள ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2018-இல் எழுதினார்கள்: பொதுத்தேர்தலில் பிரச்சாரத்தால் ஒருவர் வேட்பாளரை மாற்றிக்கொள்வது சராசரியாகப் பூஜ்யத்துக்குப் பக்கத்தில். எனக்குப் பிடித்தது இதே இருவரும் 2016-இல் வெளியிட்ட மியாமி ஆய்வு. திருநங்கைகள் மீதுள்ள வெறுப்பைப் பற்றி வாசலில் பத்து நிமிடம் பேசினார்கள். வாதம் செய்யவில்லை. ‘வேறு மாதிரி இருப்பதாகச் சொல்லி உங்களை யாராவது ஒதுக்கியதுண்டா?’ என்று கேட்டுவிட்டு, அந்த வீட்டுக்காரர் சொன்ன கதையைக் காதுகொடுத்துக் கேட்டார்கள். அந்தப் பத்து நிமிடத்தின் பலன் மூன்று மாதம் கழித்தும் இருந்தது.

அமெரிக்கக் கணக்கை அப்படியே வெண்ணாற்றங்கரைக்குக் கொண்டுவர முடியாதுதான். ஆனாலும் மேலே கணக்கெடுப்பு அக்கா கொல்லைப்புறத்தில் குந்தி உட்கார்ந்து செய்ததும் இதுவும் ஒன்றாகத்தான் எனக்குத் தெரிகிறது.

பூத்_ஏஜெண்ட் எழுதியது:

படித்தேன். எனக்கு ஒரு மறுப்பு இருக்கிறது. ஊராட்சித் தேர்தல் சொந்தக்காரர் தேர்தல். பங்காளி, சம்பந்தி, சாதி, கோயில் வரி, இவை எல்லாம் சேர்ந்து பாதி ஓட்டை முன்பே தீர்மானித்துவிடும். கேட்டுக் கேட்டு எழுதினால் மட்டும் அது உடையாது.

அதோடு, கேட்டு எழுதினால் அது வாக்குறுதி ஆகிவிடும், தங்கச்சி. வார்டு உறுப்பினருக்குத் தனியாக நிதி கிடையாது, காசோலையில் கையெழுத்து கிடையாது. கையெழுத்து தலைவருக்கும் துணைத்தலைவருக்கும்தான். உறுப்பினர்கள் சேர்ந்து துணைத்தலைவரைத் தேர்ந்தெடுக்கலாம், கூட்டத்தில் கேள்வி கேட்கலாம், தீர்மானத்தை ஆதரிக்கலாம், எதிர்க்கலாம். ‘ரோடு போட்டுத் தர்றேன்’ என்று வாசலில் சொல்லிவிட்டு வந்தால் அடுத்த ஐந்து வருடம் அந்தத் தெருவில் தலைநிமிர்ந்து நடக்க முடியாது. நானே அப்படிச் சொல்லிவிட்டு, ஒரு தெருவைச் சுற்றிக்கொண்டு போன காலம் உண்டு. இன்றும் அது வலிக்கிறது.

இரண்டாம்_மாடி எழுதியது:

சென்னையிலிருந்து எழுதுகிறேன், வாசலுக்கு உள்ளே நிற்பவளாக. 2022 பிப்ரவரி 19-இல் நடந்த நகர்ப்புறத் தேர்தலில் மாநிலம் முழுக்க 60 சதவீதத்துக்கு மேல் ஓட்டுப் பதிவானது, சென்னை மாநகராட்சியில் மட்டும் சுமார் 43 சதவீதம். சென்னைக்காரர்களுக்கு அக்கறை இல்லை என்று திட்டினார்கள். எங்கள் அடுக்ககத்தில் அந்தத் தேர்தலில் ஒரு வேட்பாளர்கூட மாடி ஏறவில்லை. கேட்டில் காவலாளியிடம் நோட்டீஸ் கட்டைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். கவுன்சிலராக நின்றவர்களில் ஒருவர் முகம்கூட எனக்குத் தெரியாது. அப்படியும் போய் ஓட்டுப் போட்டேன், சின்னத்தைப் பார்த்து.

என் மாமியாருக்கு 88 வயது. 2024 பாராளுமன்றத் தேர்தலில் 85 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு வீட்டிலேயே ஓட்டுப் போடும் வசதி கொடுத்தார்கள். அதிகாரிகள் பெட்டியோடு மாடி ஏறி வந்தார்கள். மாமியார் நல்ல புடவை கட்டிக்கொண்டு காலையிலேயே தயாராக உட்கார்ந்திருந்தார். அவர்கள் போன பிறகு, ‘என்னைத் தேடி வந்தாங்க பாரு’ என்று அன்று முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். வாசலுக்கு ஒருவர் தேடி வருவது எவ்வளவு பெரிய விஷயம் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. தயங்காமல் போங்கள்.

வெண்ணாற்றங்கரை எழுதியது:

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். தினமும் சாயங்காலம் நடந்துகொண்டிருந்தேன்.

இன்னும் ஒரு வீட்டில்கூட ஓட்டுக் கேட்கவில்லை. தேர்தல் தேதி வரும்வரை கேட்பதாகவும் இல்லை. இருநூறு பக்க நோட்டு ஒன்று வாங்கி, பக்கத்துக்கு ஒரு வீடு என்று ஒதுக்கி, கேட்டதை எழுதிக்கொண்டு வருகிறேன். 61 வீடு முடிந்திருக்கிறது. பட்டியலில் இறந்தவர் பெயர் 9, ஒரே வீட்டைப் பிரித்து வேறு வார்டில் போட்டது 3 இடத்தில். பூத் ஏஜெண்ட் ஐயா சொன்னது அப்படியே சரி.

ஐயா சொன்ன இன்னொன்றையும் எடுத்துக்கொண்டேன். ஒவ்வொரு வாசலிலும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ‘நான் ஜெயிச்சாலும் ரோடு போடற அதிகாரம் எனக்கு இல்ல. எழுதினதை கிராம சபையிலயும் கூட்டத்துலயும் எழுந்து நின்னு படிப்பேன். பதில் என்ன வந்துச்சுன்னு திரும்ப வந்து சொல்வேன்.’ இதைச் சொன்னதும் சிலருக்கு முகம் வாடுகிறது. பரவாயில்லை. கிராம சபைக்கு நிற்பவர், ஜெயித்தவர் என்ற கணக்கு இல்லையே. எழுதியதில் ஐந்தை வரும் கிராம சபையில் படிக்கப்போகிறேன்.

‘எவ்வளவு தருவே’ என்ற கேள்வி நாலு வீட்டில் வந்தது. மூன்று வீட்டில் ‘தர மாட்டேன் அண்ணே, என்கிட்டயும் இல்ல’ என்றேன், பேச்சு தொடர்ந்தது. ஒரு வீட்டில், ‘அப்ப எதுக்கு வந்தே’ என்று கதவைச் சாத்திவிட்டார். அந்தப் பக்கத்தை நோட்டில் காலியாக விட்டிருக்கிறேன். இன்னொரு நாள் போவேன்.

கீழத்தெருத் தம்பிக்கு: காலனியில் 27 வீடும் முடித்துவிட்டேன். முதல் நாள் வாசலில் தயங்கி நின்றவர்கள் மூன்றாம் நாள் பாய் எடுத்துப் போட்டார்கள். நான் ரோடு, குழாய், விளக்கு என்று எதிர்பார்த்துப் போனேன். ஜல் ஜீவன் குழாயில் தண்ணீர் விடியற்காலை நாலரைக்கு மட்டும் வருவதைப் பலர் சொன்னார்கள். அதைவிடப் பெரிய ஒன்றை, கேள்வி கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தபோதுதான் ஒரு பாட்டி சொன்னார். அவர்களுடைய சுடுகாட்டுக்குப் போக வாய்க்காலைத் தாண்ட வேண்டும். தண்ணீர் ஓடும் மாதங்களில் பிணத்தைத் தோளில் வைத்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்குகிறார்கள். வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் முப்பத்து நாலு வருடமாக இருக்கிறேன், எனக்கு இது தெரியாது.

‘சுடுகாட்டுக்குப் பாலம் வேண்டும்’ என்று எழுதினேன். பாட்டிக்குப் படிக்கத் தெரியாது. ‘என்னா எழுதின, படிச்சுக் காட்டு’ என்றார். படித்தேன். ‘அப்படி எழுதாத’ என்று அடித்துத் திருத்தச் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல எழுதியதை இங்கே அப்படியே தருகிறேன்:

‘வீடு 12. வாய்க்கா மேல என் வீட்டுக்காரரு பனைமரத்தை ரெண்டாப் பொளந்து போட்டு வச்சிருந்தாரு. இருபது வருசம் அதுலதான் எல்லாரையும் தூக்கிட்டுப் போனோம். மூணு வருசத்துக்கு முன்னாடி உளுத்து விழுந்துருச்சு. அவரு போன கார்த்திகையில செத்தாரு. அவரைத் தண்ணியில நனைச்சுத்தான் கொண்டுபோனாங்க. எனக்கு முன்னாடி அதைப் போடணும்.’

மீதி 43 வீடு இருக்கிறது. நாளை சாயங்காலம் பிள்ளையார் கோயில் தெரு.